குருவியைத் தின்ற சிலந்தி

குருவி சிலந்தியைத் தின்னும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சிலந்தி குருவியைத் தின்னுமா?

தின்னும் என்று ஒரு பெண் படம் வரைந்து காட்டினார். 1705ஆம் ஆண்டில் அந்தப் படம் புத்தகத்தில் அச்சாகி வெளிவந்தது. அந்தப் படத்தை நம்பி ஒரு பேரறிஞர் சிலந்திக்குப் பெயரும் வைத்துவிட்டார். பின்னால் வந்தவர்களோ அவள் புளுகினாள் என்றார்கள். அந்தப் பெண் அப்போது உயிரோடு இல்லை. பதில் சொல்ல ஆளில்லை.

அவர் பெயர் மரியா சிபில்லா மெரியன்.

பட்டுப்புழு வளர்த்த சிறுமி

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 1647ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி மரியா பிறந்தாள். தந்தை மத்தேயுஸ் மெரியன், செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடுபவர். புத்தகங்கள் வெளியிட்டுப் பெரும் பெயர் பெற்றவர். ஆனால் மகளுக்கு மூன்று வயது ஆனபோதே அவர் காலமாகிவிட்டார்.

தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தையும் ஓவியர்தான். யாக்கோப் மாரல் என்று பெயர். பூக்களை வரைவதில் கைதேர்ந்தவர். தமக்குப் பிறக்காத பெண்தானே என்று அவர் ஒதுக்கவில்லை. வர்ணம் அரைப்பது முதல் தூரிகை பிடிப்பது வரை எல்லாவற்றையும் மரியாவுக்குக் கற்றுக் கொடுத்தார்.

பதின்மூன்று வயதில் மரியாவுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. புழுப் பைத்தியம்!

முதலில் பட்டுப்புழு. அதற்கு இலை போட்டாள். அது தின்பதையும், தோல் உரிப்பதையும், கூடு கட்டுவதையும், கூட்டைத் துளைத்துக்கொண்டு சிறகு முளைத்த பூச்சியாக வெளியே வருவதையும் பார்த்தாள். பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தாள். பிறகு தோட்டத்தில் கிடைத்த கம்பளிப் புழுக்களை எல்லாம் பெட்டியில் அடைத்து வளர்க்க ஆரம்பித்தாள்.

இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கூட இது தெரியும். அன்று அப்படி அல்ல. புழு பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அதைத் தொடுவதே அருவருப்பு. ஒரு பெண் பிள்ளை அதை வீட்டுக்குள் வைத்து வளர்த்தாள் என்றால் ஊர் என்ன நினைத்திருக்கும்!

மரியாவுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. கணவர் கிராஃப், மாரலிடம் ஓவியம் கற்றவர். தம்பதிகள் நியூரம்பர்க் நகரத்துக்குக் குடி போனார்கள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. மூத்தவள் யோகானா, இளையவள் டொரோத்தியா. மரியா ஊர்ப் பெண்களுக்குச் சித்திரமும் பூவேலையும் சொல்லிக் கொடுத்தார். அடுப்பு வேலையும் குழந்தைகளும் இருந்தபோதிலும் புழுப் பெட்டிகளை அவர் மூடவில்லை.

1679இல் அவருடைய கம்பளிப் புழுப் புத்தகம் வெளிவந்தது. 1683இல் இரண்டாம் பாகம். ஒவ்வொன்றிலும் ஐம்பது படங்கள். ஒரு செடி, அதைத் தின்னும் புழு, அது கட்டும் கூடு, கூட்டிலிருந்து வரும் பூச்சி, எல்லாம் ஒரே படத்தில்! அதற்கு முன் செடியைத் தனியாகவும் பூச்சியைத் தனியாகவும் வரைவதுதான் பெரும்பாலும் வழக்கம். எது எதைத் தின்று வாழ்கிறது என்று ஒரே பார்வையில் காட்டியது மரியாவின் கை. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த வம்புக்கு இந்தப் பழக்கமே காரணம் ஆயிற்று.

கணவரைப் பிரிந்தார்

மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1685ஆம் ஆண்டில் மரியா தாயையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஹாலந்து நாட்டின் வட பகுதிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கோட்டை வீட்டில் லபாடி என்ற பாதிரியாரின் கொள்கையைப் பின்பற்றிய ஒரு கூட்டம் வாழ்ந்து வந்தது. தனிச் சொத்து கிடையாது. ஆடம்பரம் கிடையாது. எல்லாம் பொது. கிராஃப் அங்கே தேடி வந்தார். மரியா திரும்பிப் போக மறுத்துவிட்டார். பின்னர் விவாகரத்தும் ஆயிற்று. தகப்பனார் பெயரான மெரியன் என்பதையே அவர் மீண்டும் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோட்டை வீட்டின் சொந்தக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் சூரினாம் நாட்டில் கவர்னராக இருந்தார். தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் நாடு அது. அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து வந்த விசித்திரப் பூச்சிகளை மரியா கண்டார்.

1691இல் அவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு வந்தார். பணக்காரர்களின் வீடுகளில் கண்ணாடிப் பெட்டிகள் நிறைய வெளிநாட்டுப் பூச்சிகள் இருந்தன. ஊசி குத்திய பூச்சிகள். செத்த பூச்சிகள். அவை எந்தப் புழுவிலிருந்து வந்தன? எந்த இலையைத் தின்றன? சேகரித்து வைத்திருந்த சீமான்களுக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

மரியாவுக்குக் கவலை இருந்தது. போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் கப்பல் பயணம்

1699ஆம் ஆண்டு. மரியாவுக்கு வயது 52. தம்மிடம் இருந்த 255 ஓவியங்களை விற்றார். உயில் எழுதி வைத்தார். இருபத்தொரு வயதான இளைய மகள் டொரோத்தியாவை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்.

அந்த நாளில் ஆராய்ச்சிக்கென்று கடல் கடந்தவர்கள் மிகச் சிலரே. ராஜாவோ கம்பெனியோ செலவு கொடுத்து அனுப்பிய ஆண்கள் அவர்கள். மரியாவை யாரும் அனுப்பவில்லை. தாமே பணம் சேர்த்துத் தாமே புறப்பட்டார். துணை மகள் ஒருத்திதான்.

சூரினாமின் தலைநகர் பாராமரிபோவில் தாயும் மகளும் இறங்கினார்கள். சுற்றிலும் காடு. ஆற்றங்கரை நெடுகக் கரும்புத் தோட்டங்கள். தோட்டத்தில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். தோட்டக்காரர்களுக்குச் சர்க்கரை ஒன்றுதான் தெரியும். சர்க்கரையை விட்டுவிட்டுப் புழுவைத் தேடுகிறாளே என்று மரியாவைப் பார்த்துக் கேலி செய்தார்கள்.

கேலி செய்யாமல் உதவியவர்கள் அடிமைகளும் அந்நாட்டின் பழங்குடி மக்களும்தான். முட்புதர்களை வெட்டி வழி உண்டாக்கியவர்கள் அவர்கள். உயரமான மரங்களிலிருந்து புழுக்களைக் கொண்டு வந்து கொடுத்தவர்கள் அவர்கள். எந்தச் செடி எதற்கு ஆகும் என்று சொன்னவர்களும் அவர்களே. மரியாவும் அடிமைகளின் உழைப்பைக் கொண்டுதான் வேலை செய்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டதைப் புத்தகத்திலும் எழுதினார்.

நம் வீட்டுத் தோட்டங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றையை அவர் அங்கே வரைந்தார். அந்தச் செடியின் விதையை அடிமைப் பெண்கள் எதற்காகத் தின்றார்கள் என்பதை அவர்களே அவரிடம் சொன்னார்கள். தங்கள் வயிற்றுப் பிள்ளையும் அடிமையாகப் பிறக்க வேண்டாம் என்று கருவை அழித்துக்கொள்வார்களாம். படத்துக்குப் பக்கத்தில் மரியா அதையும் எழுதிவிட்டார். தோட்டக்காரர்கள் இதை ரசித்திருக்க மாட்டார்கள்.

வெயிலும் மழையும் காய்ச்சலும் மரியாவை வாட்டின. ஐந்து ஆண்டுகளாவது தங்க நினைத்தவர் 21 மாதங்களில் திரும்ப வேண்டியதாயிற்று. 1701இல் பெட்டி பெட்டியாகப் பூச்சிகளோடும், சாராயத்தில் போட்ட பாம்புகளோடும், ஏராளமான ஓவியங்களோடும் ஊர் திரும்பினார்.

பதினெட்டாம் படம்

நான்கு ஆண்டுகள் உழைத்துப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் என்பது அதன் தலைப்பின் பொருள். டச்சு மொழியில் ஒன்று, லத்தீனில் ஒன்று. உள்ளே அறுபது படங்கள்.

அவற்றில் பதினெட்டாவது படம்தான் நாம் சொல்ல வந்தது.

கொய்யா மரத்துக் கிளை ஒன்று. இலைகளை எறும்புகள் அரித்துக் கொண்டிருக்கின்றன. கிளையின் மேல் ஒரு சிறிய கூடு. கூட்டில் முட்டைகள். பக்கத்தில் ஒரு ரீங்காரச் சிட்டு மல்லாந்து கிடக்கிறது. நம் தேன்சிட்டைப் போலப் பூவில் தேன் குடித்து வாழும் மிகச் சிறிய பறவை அது. நம் நாட்டில் கிடையாது. அந்தச் சிட்டின் மேல் உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த கருஞ்சிலந்தி ஒன்று ஏறிக் கவ்விக்கொண்டிருக்கிறது!

இந்தச் சிலந்திகள் பெரும்பாலும் எறும்புகளைத் தின்கின்றன, எறும்பு கிடைக்காதபோது கூட்டிலிருக்கும் சிறு பறவைகளைப் பிடித்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன என்று மரியா எழுதினார்.

படம் எங்கும் பேச்சாயிற்று. ஜெர்மன் மொழியில் இத்தகைய பெரிய சிலந்திகளுக்கெல்லாம் இன்றும் பறவைச் சிலந்தி என்றுதான் பெயர். அந்தப் பெயருக்கு மூலம் இந்த ஒரு படம்.

புகழ் வந்தது. பணம் வரவில்லை. பூச்சிகளை விற்றும் ஓவியம் கற்பித்தும் மரியா காலம் தள்ளினார். 1715இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. 1717 ஜனவரி 13ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் கண்ணை மூடினார். நகரத்தின் மரணப் பதிவேட்டில் வசதியற்றவர் என்று குறித்திருந்தார்கள். அதே நாட்களில்தான் ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டருக்காக அவருடைய ஓவியங்களை வாங்க ஆள் வந்திருந்தது. என்ன விந்தை!

பெயர் சூட்டு விழா

மரியா இறந்து 41 ஆண்டுகள் ஆயின. சுவீடன் நாட்டில் லின்னேயஸ் என்ற மேதை உலகத்து உயிர்களுக்கெல்லாம் லத்தீனில் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்கள். முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவது சொல் இட்ட பெயர் மாதிரி. இந்த இரட்டைப் பெயர் முறையைத்தான் விஞ்ஞானிகள் இன்றும் கையாளுகிறார்கள்.

லின்னேயஸ் தென் அமெரிக்காவுக்குப் போனதில்லை. அந்தச் சிலந்தி பறவையைப் பிடித்ததைக் கண்டதும் இல்லை. மரியாவின் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டார். 1758இல் சிலந்திக்கு அரானியா அவிக்குலேரியா என்று பெயர் சூட்டினார்.

அரானியா என்றால் சிலந்தி. லத்தீனில் அவிஸ் என்பது பறவை. அவிக்குலா என்பது குட்டிப் பறவை, அதாவது சிட்டு. அவிக்குலேரியா என்றால் சிட்டைச் சார்ந்தது. ஒரு பெண் வரைந்த படம் இப்படி ஒரு சொல்லாகச் சுருங்கி உலகத்து விஞ்ஞான ஏடுகளில் ஏறிவிட்டது.

1818இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் இந்த வகைச் சிலந்திகளுக்குத் தனிக் குடும்பப் பெயர் கொடுக்க நினைத்தார். வேறு பெயர் தேடவில்லை. அவிக்குலேரியா என்பதையே எடுத்துக்கொண்டார். அதனால் சிலந்தியின் பெயர் அவிக்குலேரியா அவிக்குலேரியா என்று ஆயிற்று. முதல் பெயரும் அதுதான், இரண்டாம் பெயரும் அதுதான்! செடிகளுக்கு இப்படி வைக்க விதி இடம் தராது. பிராணிகளுக்கு வைக்கலாம்.

பொய்யா, மெய்யா?

பெயர் நிலைத்தது. ஆனால் பெயருக்குக் காரணமான செய்தியின் மேல் சந்தேகம் வளர்ந்தது.

கியூபா தீவில் சில காலம் இருந்த மேக்லே என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்தார். பெரிய சிலந்தி ஒன்றின் வளைக்குள் உயிருள்ள ரீங்காரச் சிட்டை வைத்துப் பார்த்தார். சிலந்தி சிட்டைத் தொடவில்லை. வளையை விட்டே வெளியேறிவிட்டது! தரையில் வளை தோண்டி வாழும் பிராணி எப்படி மரம் ஏறிக் குருவி பிடிக்கும் என்று அவர் கேட்டார். மரியா சொன்னது கட்டுக்கதை என்பது அவர் தீர்ப்பு. இது நடந்து வெளிவந்தது 1834இல்.

அதே ஆண்டில் மற்றொருவரின் கட்டுரையும் வெளியாயிற்று. மேற்கிந்தியத் தீவில் வாழ்ந்த கில்டிங் என்ற பாதிரியார் எழுதியது. மரியாவின் புத்தகத்தைப் படம் படமாக எடுத்துப் பிய்த்து எறிந்திருந்தார். பதினெட்டாம் படத்தை வெறும் கேலிச்சித்திரம் என்று தள்ளிவிட்டார். இத்தனைக்கும் அவர் சூரினாமில் கால் வைத்தவர் அல்ல.

குற்றம் சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மரியா தவறு செய்திருக்கிறார். பதினெட்டாம் படத்தில் சிட்டின் கூட்டில் நான்கு முட்டைகள் இருக்கின்றன. ரீங்காரச் சிட்டு இடுவது இரண்டே முட்டைகள். சிலந்தியின் வீடு என்று அவர் காட்டியது ஒரு புழுவின் கூடு.

இன்னொரு பெரிய தவறும் உண்டு. தலை நீண்ட ஒரு பூச்சி இரவில் விளக்குப் போல எரிகிறது என்று அவர் எழுதினார். லின்னேயஸ் அதையும் நம்பினார். விளக்கைக் குறிக்கும் லாதர்னேரியா என்ற சொல்லை அதற்குப் பெயராக வைத்தார். ஆனால் அந்தப் பூச்சி எரிவதில்லை! ஒளியே இல்லாத பூச்சி இன்றைக்கும் விளக்குப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது.

ஆகவே விளக்குப் பூச்சி பொய்யானால் பறவைச் சிலந்தியும் பொய்யாகத்தான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டினார்கள்.

மேக்லேயின் சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. அவர் சோதித்தது தரையில் வளை தோண்டி வாழும் சிலந்தியை. மரியா வரைந்ததோ மரத்தில் வாழும் சிலந்தியை. இரண்டும் வேறு வேறு. மேக்லே பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறினார். அங்கே ஒரு சிலந்தி பறவைக் குஞ்சைத் தின்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். 1842இல் தம் பேச்சைத் திருத்திக்கொண்டார். அந்த மட்டில் அவர் நேர்மையானவர்.

அமேசான் காட்டில் ஒரு சாட்சி

ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேய வாலிபர் 1848இல் அமேசான் காட்டுக்குப் போனார். பூச்சி சேகரித்து விற்றுப் பிழைத்தவர். பதினொரு ஆண்டுகள் அங்கேயே கிடந்தார்.

காமெட்டா என்ற ஊருக்கு அருகே ஒரு நாள் மரத்தின் வெடிப்பில் தடித்த வெண்ணிற வலை தெரிந்தது. கீழ்ப்பக்கம் கிழிந்திருந்தது. அதில் இரண்டு சிறு குருவிகள் சிக்கியிருந்தன. ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று சிலந்தியின் உடம்புக்கு அடியில் குற்றுயிராகக் கிடந்தது. பேட்ஸ் சிலந்தியை விரட்டினார். குருவியை எடுத்தார். அது பிழைக்கவில்லை.

சிலந்தியை அளந்தார். உடம்பு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. காலை விரித்தால் ஏழு அங்குலம். உடம்பெங்கும் முரட்டு ரோமம். அந்த ரோமம் பொல்லாதது. முதல் தடவை ஒரு சிலந்தியை அஜாக்கிரதையாகக் கையில் எடுத்துவிட்டு மூன்று நாள் அரிப்பால் துடித்தவர் அவர். இன்னொரு வேடிக்கையும் கண்டார். அவருக்குப் பூச்சி பிடித்துக் கொடுத்த ஒரு பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் இப்படிப்பட்ட சிலந்தியின் இடுப்பில் கயிறு கட்டி, நாய்க்குட்டியை இழுப்பது போல வீடு முழுவதும் இழுத்துக்கொண்டு திரிந்தார்கள்!

1863இல் பேட்ஸ் தம் அமேசான் புத்தகத்தை வெளியிட்டார். இந்தச் செய்தியை முதலில் எழுதியவர் மரியா மெரியன் என்பதையும், அவரை யாரும் நம்பாமல் போனதையும் அதில் குறிப்பிட்டார். மரியாவின் படம் வெளிவந்து 158 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இப்போது தெரிந்தது என்ன? அந்தச் சிலந்தியின் அன்றாடச் சாப்பாடு பூச்சிகள்தான். சில சமயம் தவளை, பல்லி. குருவி என்பது அபூர்வ விருந்து. எறும்பும் பூச்சியும் போதாதபோதுதான் குருவி என்று மரியாவும் ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்த எழுத்தைச் சரியாகப் படிக்கவில்லை போலும்.

வளர்ந்த அவிக்குலேரியாவின் கால் நுனிகள் ரோஜா நிறத்தில் இருக்கும். கறுத்த உடம்பில் மருதாணி இட்ட விரல்களைப் போல அழகாகத் தெரியும். இந்த இனத்துச் சிலந்திகளைப் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இருவர் புதிதாக ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரியா இறந்து சரியாக 300 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரு நாட்டில் கிடைத்த ஒரு சிலந்தி அதுவரை பெயர் இல்லாமல் இருந்தது. அதற்கு அவிக்குலேரியா மெரியனே என்று பெயர் வைத்தார்கள்.

மெரியனே என்றால் மெரியனுடையது என்று பொருள். லத்தீனில் ஆண் பெயரை ஒட்டி வைக்கும்போது கடைசி எழுத்து வேறாக இருக்கும். இங்கே வந்திருப்பது பெண்ணுக்கு உரிய விகுதி.